பேருக்கு முன்னால் ரெண்டு மூச்சு

திண்டிவனம்
3.6.2024

அன்புள்ள மாப்ளே அந்தோணிசாமிக்கு,

உன் தாய்மாமன் சவுரிராயன் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்துல நானும் உன் அத்தை புனிதாவும் கல்லுகுண்டாட்டம் இருக்கிறோம். அங்க உன் ஒடம்பு எப்படி, சாப்பாடு எப்படி, ரூம்ல தண்ணி வருதா, எல்லாத்துக்கும் தனித்தனியா பதில் போடவும்.

செல்போன் காலத்துல மாமா கடுதாசி போடறாரேன்னு நெனைக்காத. என் போன் ஏரியில விழுந்துடுச்சி. ஒரு கெண்டை முழுங்கிடுச்சின்னு பேச்சு. அதுக்கப்புறம் மூணு நாளைக்கு அந்த மீன் வயித்துல மணி அடிச்சிக்கினு இருந்துதாம். அதனால நீ போன் பண்ணா எடுக்கலைன்னு கோச்சிக்காத.

போன ஞாயிறு பூசைக்கு வந்தப்ப உங்கம்மா ஆரோக்கியசெல்வி சொன்னா, உனக்கு சினிமா சான்ஸ் கெடச்சிருக்குதாம். அதுவும் ஆட்டோவுல மைக் கட்டிக்கினு அறிவிப்பு சொல்ற ஆளா. அப்படின்னா அது நான்தானே! முப்பத்திரண்டு வருஷமா திண்டிவனத்துல எவன் செத்தாலும், எவனுக்கு காது குத்தினாலும், எந்தக் கடையில ஆடித் தள்ளுபடி போட்டாலும் என் வாய் வழியாத்தான் ஊருக்குத் தெரிஞ்சிருக்குது. இப்ப வந்த பசங்க வீட்டுல பேசி பென் டிரைவ்ல ஏத்திக்கினு வந்து போட்டுட்டு பீடி குடிக்கிறானுங்க. என்கிட்டயும் கேட்டானுங்க. என் குரலை அடைக்கிற டப்பா இன்னும் செய்யலைடான்னு அனுப்பிட்டேன். இதுவரைக்கும் ஒரு வார்த்தை கூட பதிவு பண்ண விட்டதில்ல.

நீ மேடையில தனியா நின்னுக்கினு என்னைப் பத்தி சொல்ற கதைய, நம்ம ஆட்டோ ஓட்டற விருத்தாசலம் அவன் போன்ல காட்டினான். கிளியனூர்ல பெரியதுரை செத்ததுக்கு அவன் தம்பி சின்னதுரை செத்துட்டான்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு போனதும், சின்னதுரை வாயில பிரஷ்ஷோட வந்து ஆட்டோவை மறிச்சி, "யோவ் சவுரி, நான் சாவலைன்னு ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டு அப்புறம் போய்யா"ன்னதும். மெட்ராஸ் ஜனம் நாற்காலியில இருந்து விழுந்து சிரிக்குது. சந்தோஷம். ஆனா ரெண்டு எடத்துல கொறச்சி சொல்லிட்ட. ஒண்ணு, சின்னதுரை ஊட்டுக்கு மாலையோட வந்தது நாப்பது பேர் இல்ல, நானூறு பேர். என் குரலுக்கு நாப்பது பேரா வருவான்? ரெண்டு, அது தப்பே இல்ல. எழுதிக் குடுத்த சீட்டை நான் படிக்கலை, அவ்ளோதான். சீட்டைப் பாத்து படிக்கிறவன் அறிவிப்பாளன் இல்ல, ஸ்கூல் பையன்.

போன வருஷம் புனிதா கேட்டா, உனக்கு சாவு வந்தா யாரு அறிவிப்பு பண்றதுன்னு. அஞ்சு மாவட்டத்துலயும் அதுக்கு ஏத்த தொண்டை எவனுக்கும் இல்ல, நானே பாடையில உக்காந்துக்கினு பண்ணிக்கிறேன்னு சொன்னேன். இதையும் மேடையில சொல்லு. காசு வேணாம்.

இப்படிக்கு
அஞ்சு மாவட்டப் புகழ் அறிவிப்பாளர்
ம. சவுரிராயன்

இப்ப எல்லாம் கழுத்துல துண்டு இல்லாம நான் வெளிய போறதில்ல. ஒரு கௌரவம்.


சென்னை
12.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அந்தோணியின் வணக்கம். நான் நல்லா இருக்கேன். ரூம்ல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வருது, சாப்பாடும் ஏறக்குறைய அப்படித்தான். நீங்களும் அத்தையும் சுகமா? அந்தக் கெண்டை மீன் சுகமா?

சான்ஸ் நிஜம்தான் மாமா. ஒரு காபி கடை மாடியில முப்பது பேருக்கு முன்னாடி சின்னதுரை கதைய சொல்லிக்கிட்டு இருந்தேன். அதுல ஒருத்தர் சினிமா டைரக்டர். முடிச்சதும் வந்து, "இந்த மைக் செட் மாமாவை அப்படியே என் படத்துல கொண்டுவா"ன்னார். மூணு சீன். ஒண்ணுல முழு சாவு அறிவிப்பு. ஆகஸ்ட் இருபது ஷூட்டிங். ஆறு வருஷமா கல்லூரி விழா, ஆபீஸ் விழா, பொறந்தநாள்னு பேசிப் பேசித் தேஞ்ச எனக்கு இது ஒண்ணுதான் வந்திருக்கு. இதை விட்டா இன்னொண்ணு வராது.

அதனால உங்ககிட்ட ஒரு உதவி. மேடையில நான் பேசறது உங்க குரலோட நிழல்தான். சின்ன வயசுல ஆட்டோவுல உங்க மடியில உக்காந்து கேட்டது. சினிமாவுல நிழல் பத்தாது. விருத்தாசலம் அண்ணன் போன்ல ஒரு மணி நேரம் பேசி அனுப்புங்க. என்ன வேணா பேசுங்க, என்னைத் திட்டுங்க கூட. பதிவு பண்ண மாட்டீங்கன்னு தெரியும். எனக்காக ஒருதரம். இல்லன்னா ஒருநாள் கெளம்பி வரேன், நேர்ல பேசுங்க.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகன்
அந்தோணி


திண்டிவனம்
25.6.2024

அன்புள்ள மாப்ளேக்கு,

உன் கடிதம் கெடச்சி, உன் சுகம் தெரிஞ்சி, சந்தோஷத்துல ஒரு படி மல்லாட்டை வேகவச்சி தெருவுக்கே குடுத்தோம். நாங்க சுகம். மீனும் சுகம்.

நீ வர வேணாம். வந்தா பஸ் செலவு, ஒரு நாள் பேஜாரு. விருத்தாசலம் போனும் இப்ப சரியில்ல, அதுக்கு மேல நான் சொன்னது சொன்னதுதான், டப்பாவுல பேச மாட்டேன். ஆனா உன்னை வெறுங்கையோட விடுவனா? எழுத்துலயே சொல்றேன், கவனமா படி. இது எந்தக் காலேஜுலயும் இல்லாத பாடம்.

மைக்கை எடுத்ததும் "ஹலோ ஹலோ"ன்னு ஊதாத. ஊதறவன் புதுசு. விரலால ரெண்டு தட்டு, போதும். குரலைத் தொண்டையில இருந்து எடுக்காத, தொப்புளுக்குக் கீழ இருந்து எடு. தள்ளுபடி அறிவிப்புன்னா சிரிச்ச முகத்தோட பேசணும், ஜனம் முகத்தைப் பாக்காது, ஆனா குரல்ல சிரிப்பு கேக்கும். கட்சி அறிவிப்புன்னா எதிர்ல யார் வர்றான்னு பாத்துக்கினே பேசணும்.

சாவு அறிவிப்புக்குத்தான் முக்கியமான பாடம். "அன்னாரது மகனும், இன்னாரது தகப்பனாரும், ஓய்வு பெற்ற இன்னாருமான"ன்னு ஏத்திக்கினே போ. போயி, பேர் வர்ற எடத்துல நிறுத்து. ரெண்டு மூச்சு. ஆட்டோவும் அங்க மெதுவாப் போகணும். அந்த ரெண்டு மூச்சுலதான் தெருவுல அடுப்பை அணைப்பாங்க, குழந்தை வாயைப் பொத்துவாங்க, நம்ம ஊட்டு ஆளா இருக்குமோன்னு அத்தனை பேரும் ஒரு நிமிஷம் பயப்படுவாங்க. அப்புறம் பேரைச் சொல்லு. யாரோ பேர்தான். ஆனா அந்த ரெண்டு மூச்சுக்கு செத்தவன் அவங்க எல்லாருக்கும் சொந்தக்காரன். இந்த நிறுத்தம் எவனுக்கும் வராது. பென் டிரைவ் பசங்க பேரை சோத்துல கல்லு மாதிரி கடிச்சித் துப்பிட்டுப் போறானுங்க.

ஒருதரம் நான் நிறுத்தின நிறுத்தத்துல மேம்பாலத்துமேல பஸ்ஸே நின்னுடுச்சி. டிரைவர் எறங்கி வந்து என் கையைப் பிடிச்சி அழுதான். சத்தியம்.

இப்படிக்கு
ஏழு மாவட்டப் புகழ்
ம. சவுரிராயன்


திண்டிவனம்
2.7.2024

அந்தோணிக்கு,

அத்தை எழுதுகிறேன். நல்லா இருக்கியா கண்ணு. இந்தக் கடிதம் போட்டது மாமாவுக்குத் தெரியாது. பதில் போட்டா எனக்குத் தனியா போடு, நான் வேலை செய்யற பால்வாடி முகவரிக்கு.

மாமா உனக்கு என்ன எழுதினாரோ தெரியலை. மீன் கதை எழுதியிருப்பார். போன் ஏரியில விழலை. அரிசி டப்பாவுல இருக்குது. அடிச்சா எடுக்க மாட்டார். எடுத்துப் பேச அவருக்குக் குரல் இல்ல.

பிப்ரவரியில குரல் கம்மிச்சி. மைக்காலதான்னு தேன் குடிச்சார், சுக்கு கடிச்சார். மார்ச்சுல ரத்தம் வந்துது. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். பாத்ததும் தொண்டையில கட்டின்னு சொல்லிட்டாங்க. ஏப்ரல் ஒன்பதாந்தேதி ஆபரேஷன் பண்ணி குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டை இருக்குது, அது வழியாதான் மூச்சு. துண்டு அதை மறைக்கத்தான். கழுத்துல வச்சிப் பேசற மிஷின் ஒண்ணு இருக்குதுன்னு டாக்டர் சொன்னார். வச்சிக் காட்டினாங்க. தகரத்துல பேசற மாதிரி வந்துது. வேணாம்னு தலையாட்டிட்டார். வீட்டுல எவர்சில்வர் தம்ளரைத் தட்டித்தான் என்னைக் கூப்பிடறார். ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டு தட்டுன்னா வா. மூணு தட்டுன்னா கோவம்.

உனக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்டயும் உங்கம்மாகிட்டயும் சத்தியம் வாங்கிட்டார். "எல்லாரும் பாக்கட்டும், அவன் மட்டும் பாக்கக் கூடாது, அவன் வாயில நான் நல்லா இருக்கேன்"ன்னு நோட்டுல எழுதிக் காட்டினார். அதனால நீ வராத. வந்தா உன் முன்னாடி வாய் தொறக்க முடியாம கூனிக் குறுகிப் போயிடுவார். எனக்கு அதைப் பாக்க முடியாது.

ஒண்ணு மட்டும் செய். அவர் குரல் எந்த மிஷின்லயும் இல்ல. உன்கிட்டதான் இருக்குது. அதை அந்தப் படத்துல பேசிடு. நம்ம ஊரு தியேட்டர்ல அவர் உக்காந்து ஒருதரம் அதைக் கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.

புனிதா அத்தை


சென்னை
10.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமா இருக்கணும். நான் நலம்.

போன கடிதத்துல பதிவு பண்ணி அனுப்பச் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க. யோசிச்சுப் பாத்தேன், நீங்க சொன்னதுதான் சரி. எழுத்துல இருக்கறதுதான் பாடம். இன்னும் எழுதுங்க மாமா. ஒண்ணு விடாம எழுதுங்க. மழையில எப்படி பேசுவீங்க? சந்தையில எப்படி? குழந்தை செத்தா எப்படி சொல்லுவீங்க? எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, நாளைக்கு எழுதினாலும் போதும், ஆனா எழுதுங்க.

ரெண்டு தட்டு, தொப்புள், ரெண்டு மூச்சு. தெனமும் காலையில மொட்டை மாடியில நின்னு பேசிப் பாக்கறேன். கீழ் வீட்டு அம்மா முதல் நாள் மேல வந்து, "யாருப்பா செத்தது?"ன்னு கேட்டாங்க. ரெண்டாம் நாள் கண்ணைத் தொடச்சிக்கிட்டே கேட்டாங்க. நீங்க பாஸ் மாமா.

ஈஸ்டருக்கும் நான் வரலை. அன்னிக்கு ஒரு கம்பெனி விழாவுல உங்க கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

உங்கள்
அந்தோணி


திண்டிவனம்
16.9.2024

அன்புள்ள மாப்ளேக்கு,

மாதா பெருவிழா முடிஞ்சி எழுதறேன். நாங்க சுகம். நீ மெலிஞ்சிருக்கன்னு உங்கம்மா சொன்னா. ஷூட்டிங்ல கோழி போட்டா வெட்கப்படாம சாப்பிடு, அதுவும் நடிப்புல சேர்ந்ததுதான்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியலை. எனக்கு இப்ப தெனமும் பாண்டிச்சேரியில வேலை. காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போனா மதியம்தான் திரும்பறேன். முப்பது நாளைக்கு வரச் சொல்லி கட்டாயம். அங்க பெரிய பெரிய படிச்ச ஆளுங்க வெள்ளைக் கோட்டு போட்டுக்கினு என்னை ஒரு மேசையில படுக்க வச்சி, ஒரு ரூமையே எனக்காகக் காலி பண்ணிட்டு வெளிய போய் நின்னுக்கினு கண்ணாடி வழியா என்னைப் பாக்கறாங்க. அந்த ரூம்ல எனக்கு மட்டும் கரண்ட். அவ்ளோ மரியாதை. என் பக்கத்துல வரவே பயப்படறாங்கன்னா பாத்துக்கோ.

உன் படத்தைப் பத்தி திண்டிவனத்துல தெரியாத நாய் கூட இல்ல. எப்படித் தெரிவிச்சேன்னு கேக்காத. எனக்கு வழியா இல்ல? அட்டையில எழுதி ஆட்டோவுக்குப் பின்னாடி கட்டிட்டேன்: "உங்கள் சவுரிராயன் குரலில் அந்தோணிசாமி பேசும் படம், விரைவில்." பேச வேண்டியதை எல்லாம் பேசியாச்சி, இனிமே எழுதறது ஒரு ஸ்டைல். சின்னதுரை கிளியனூர்ல இருந்து இருபது பேரைக் கூட்டிக்கினு வர்றேன்னான். என்னைச் சாவடிச்ச குரலை நான் தியேட்டர்ல கேக்கணும்னு சொல்றான். மொத வரிசை மொத்தமும் நமக்கு.

நீ கேட்ட குழந்தை அறிவிப்பு. அதை நான் சொல்ல மாட்டேன். சொன்னதே இல்ல. ஆட்டோவை நிறுத்திட்டு வீடு வீடா நடந்து போய் சொல்லுவேன். எழுதிட்டேன்.

இப்படிக்கு
பத்து மாவட்டப் புகழ்
ம. சவுரிராயன்


சென்னை
28.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? கரண்ட் வச்சது முடிஞ்சிதா, புண் ஆறுதா? மாமா கடிதத்துல அவர் அங்க ராஜா மாதிரி இருக்கார். படிச்சி சிரிச்சேன். சிரிச்சிட்டு ரூம்ல தனியா உக்காந்திருந்தேன்.

கெட்ட செய்தி அத்தை. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம உங்ககிட்ட சொல்றேன்.

நான் டப்பிங் பேசினேன். மூணு சீனும் ஒரே நாள்ல. சாவு அறிவிப்பை ஒரே டேக்ல பேசினேன். சத்தியமா அத்தை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர் பேருக்கு முன்னாடி வந்த நிறுத்தத்துல கையிலிருந்த டீயைக் கீழ வச்சிட்டார். மாமா அந்த ரூம்ல இருந்தார். நான் அதைக் கேட்டேன்.

போன வாரம் கூப்பிட்டு சொல்றாங்க, தயாரிப்பாளர் போட்டுப் பாத்தாராம். என் முகத்துக்கு இந்தக் குரல் வயசாத் தெரியுதாம், விழுப்புரம் பக்கத்து இழுவை வேற ஊர்ல புரியாதாம், அந்த நிறுத்தம் படத்தோட வேகத்தைக் கெடுக்குதாம். காமெடிக்குன்னே பேசற ஒருத்தர வச்சி மூணு சீனையும் மாத்திப் பேசிட்டாங்க. கீச்சுக் குரல். கேட்டா சிரிப்பு வரும், அது நிஜம்.

டைரக்டர் கால்ல விழாத குறையா கேட்டேன். "நான் என்ன பண்ண அந்தோணி, எனக்கே இது மொத படம்"ன்னார். பழைய பதிவையாவது குடுங்கன்னேன். அது கம்பெனி சொத்தாம், அழிச்சிட்டாங்களான்னு கூட சொல்ல மாட்டேங்கறாங்க. மாமா கதையைச் சொல்லி அழலாம்னு பாத்தேன். ஆறு வருஷமா அந்தக் கதையைச் சிரிக்கத்தான் சொல்லியிருக்கேன். வேற மாதிரி சொல்ல வாய் வரலை.

ஜனவரி பத்து ரிலீஸ். எப்படியாவது மாமாவைத் தியேட்டருக்குப் போக விடாதீங்க.

அந்தோணி


திண்டிவனம்
5.12.2024

அந்தோணிக்கு,

உன் கடிதம் படிச்சி அடுப்புல போட்டுட்டேன். ஒடம்பைப் பாத்துக்கோ. உன்மேல தப்பில்ல.

அவரை எப்படித் தடுப்பேன்? புதுச் சட்டை தைக்கக் குடுத்திருக்கார். தெனமும் நாள்காட்டியில ஒரு நாளை அடிக்கிறார். நேத்து உன் பழைய வீடியோவை விருத்தாசலம் போன்ல போட்டு, வாயை மட்டும் அசைச்சி கூடவே பேசிக்கினு இருந்தார். சத்தமில்லாம. எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தினார்.

பாண்டியில போன வாரம் ஸ்கேன் எடுத்தாங்க. கழுத்துல இன்னொரு பக்கம் தெரியுதாம். அதை அவருக்கு இன்னும் சொல்லலை. அவர் என்கிட்ட கேக்கவும் இல்ல.

புனிதா அத்தை


திண்டிவனம்
14.1.2025

அன்புள்ள மாப்ளேக்கு,

பொங்கலும் அதுவுமா எழுதறேன், எல்லாரும் சுகம், பானை நல்லா பொங்கிச்சி. நீயும் சுகமா இருக்கணும். படம் பாத்தாச்சி! மொத நாள், மொத ஆட்டம்!

ஜனம்னா ஜனம். ரெண்டாயிரம் பேர். கிளியனூர்ல இருந்து சின்னதுரை மாலையோட வந்தான். எனக்குத்தான் மாலை. மொத வரிசையில நடுவுல என்னை உக்கார வச்சாங்க. உங்கம்மா எடது பக்கம், புனிதா வலது பக்கம். எதுக்குன்னு தெரியலை, புனிதா ஆரம்பத்துல இருந்து என் கையைப் பிடிச்சிக்கினு இருந்தா. பொம்பளைக்கு இருட்டுன்னா பயம்.

நீ ஆட்டோவுல வந்த. மைக்கை எடுத்த. ரெண்டு தட்டு தட்டின. விரலால! நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. தியேட்டரே கைதட்டிச்சி. அப்புறம் நீ வாயைத் திறந்த. அப்படியே என் குரல் மாப்ளே. அச்சு. ஊரே திரும்பி என்னைப் பாத்துது. எல்லாரும் ஒரே நேரத்துல பாத்தாங்க. பெருமையிலதான், வேற எதுக்கு பாப்பாங்க. சின்னதுரை மட்டும், "யோவ் சவுரி, இது உன் குரல் மாதிரி இல்லியே"ன்னான். அவனுக்கு காது மந்தம். செத்துப் பொழச்சவன் பேச்சைக் கணக்குல எடுத்துக்காத.

பின்னாடி பசங்க சிரிச்சிக்கினே இருந்தானுங்க. நல்லா சிரிக்க வச்ச. நானும் சிரிச்சேன். என் சிரிப்புக்கு இப்ப சத்தம் கெடையாது, ஆனா சிரிச்சேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம். பேருக்கு முன்னாடி நீ நிறுத்தலை. அவசரத்துல மறந்துட்டன்னு நெனைக்கிறேன். பரவாயில்ல. அடுத்த படத்துல நிறுத்து.

இடைவேளையில எனக்கு காத்து வேணும்னு வெளிய வந்து வண்டி நிக்கிற எடத்துல உக்காந்தேன். விருத்தாசலம் கூட வந்தான். "டப்பிங்ல மாத்திட்டான் போலண்ணே"ன்னான். அவனுக்கு சினிமா தெரியாது.

இப்படிக்கு
ம. சவுரிராயன்


சென்னை
22.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம் விசாரிக்க இந்தத் தடவை கை வரலை. மன்னிச்சிடுங்க.

அது உங்க குரல் இல்ல மாமா. என் குரலும் இல்ல. உங்களுக்குத் தெரியும். எனக்காகப் பொய் எழுதியிருக்கீங்க. இதுவரைக்கும் நீங்க சொன்ன எந்தப் பொய்யும் என்னை இப்படிப் பண்ணதில்ல.

எனக்கும் தெரியும் மாமா. ஏப்ரல், முண்டியம்பாக்கம், துண்டு, தம்ளர், எல்லாம் ஜூலையில இருந்து தெரியும். அத்தையைத் திட்டாதீங்க. தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிச்சேன். என் வாழ்க்கையில நான் நல்லா நடிச்சது அது ஒண்ணுதான்.

படம் ஓடுது. ரோட்டுல நிறுத்தி, "அந்த வாய்ஸ்ல பேசுங்கண்ணே"ன்னு கேக்கறாங்க. யாரோ ஒருத்தரோட கீச்சுக் குரல் அது, எனக்கு வராது. பேசலைன்னா தலைக்கனம்ங்கறாங்க. இன்னும் மூணு படத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, மூணுலயும் வேற ஆள்தான் பேசுவாராம். பழையபடி காபி கடை மாடிக்குப் போனேன். "மாமா கதை, மாமா கதை"ன்னு கத்தினாங்க. சொன்னேன். பேர் வர்ற எடத்துல நிறுத்தினேன். நிறுத்தினது நிறுத்தினதுதான், அதுக்கு மேல வரலை. அதுவும் காமெடின்னு நெனச்சி கை தட்டினாங்க.

நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க மாமா. எதுவா இருந்தாலும்.

அந்தோணி


திண்டிவனம்
9.2.2025

அன்புள்ள மாப்ளேக்கு,

மாமன் எழுதிக்கொண்டது. நீ சுகம் விசாரிக்கலைன்னாலும் நான் சொல்லணுமில்ல. நான் சுகமில்ல. என் ஆயுசுல இப்படி எழுதறது இதுதான் மொத தடவை, எழுதிப் பாத்தா ஒண்ணும் பெருசா இல்ல. புனிதாவை நான் திட்டலை. மூணு தட்டு மட்டும் தட்டினேன்.

அந்த சினிமாக்காரன் மேல எனக்குக் கோவமில்ல. அவன் ஊர்ல யார் செத்தாலும் யாருக்கும் தெரியாது போல, அதான் நிறுத்தம் புரியலை.

என்ன பண்ணணும்னு கேட்ட. இதைப் பண்ணு. கீழ ஒரு அறிவிப்பு எழுதியிருக்கேன். உன் ரூம்ல உக்காந்து என் குரல்ல பேசி, பென் டிரைவ்ல ஏத்தி, விருத்தாசலத்துக்கு அனுப்பு. ஆமா, பென் டிரைவ்தான். சிரிக்காத. நானே பண்ணிக்குவேன்னு சொன்னவன், இப்ப உன்னை வச்சி பண்ணிக்கிறேன், ரெண்டும் ஒண்ணுதான். இதுல எந்த தயாரிப்பாளனும் வந்து கை வைக்க முடியாது. தேதி, அடக்க நேரம் மட்டும் விட்டுடு, அதை விருத்தாசலம் அவன் கரகரக் குரல்ல சொல்லிக்குவான். கிளியனூர்ல சின்னதுரை ஊட்டு முன்னாடி மட்டும் ரெண்டு ரவுண்டு அடிக்கச் சொல்லியிருக்கேன், அவனுக்கு நான் பாக்கி.

அவசரம் இல்லன்னு எழுதலாம்னு பாத்தேன். ஜல்தி அனுப்பு.

பத்து மாவட்டம்னு மொதல்ல எழுதினேன். அடிச்சிட்டு அஞ்சுன்னு எழுதினேன். அதையும் அடிச்சிட்டேன். செத்தவன் பொய் சொல்லக் கூடாது. படி:

"அன்பார்ந்த திண்டிவனம் நகர, சுற்று வட்டாரப் பொதுமக்களே. ஒரு துயரச் செய்தி. நேரு வீதி முதல் கிளியனூர் வரை, ஒரே ஒரு தாலுக்காவில், முப்பத்திரண்டு ஆண்டுகளாக உங்கள் வீட்டுச் சாவை உங்களுக்குச் சொன்னவரும், ஒருமுறை தப்பாகச் சொன்னவரும், காலஞ்சென்ற மரியதாஸ் அவர்களின் மகனும், புனிதா அவர்களின் கணவரும், அந்தோணிசாமியின் தாய்மாமனுமான"

இங்க நிறுத்து. ரெண்டு மூச்சு. அவசரப்படாத, அடுப்பை அணைச்சிட்டு வரட்டும்.

பேரை எழுத எனக்குக் கை வரலை மாப்ளே. அது நீ சொல்லு.